டேப் ஒட்டாத குமிழ்

என் வீட்டுக்காரர் என்னை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் என் பெயர் அதுதான். அவருடைய தங்கச்சியை மட்டும் 'பாப்பா' என்பார். பாப்பாவுக்கு நாற்பது வயது. ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்து, அங்கிருந்து ஒரு பாலிடெக்னிக்குக்குப் போய் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறாள். காதோரம் நரை விழுந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை காலையில் கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன் அடித்தாள் என்றால், "பாப்பா வந்துருச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுப்பார். நான் என் அம்மா வீட்டிலிருந்து இரண்டு பையோடு வந்து இறங்கினால், "ஒரு ஆட்டோவப் பிடிச்சு வந்துரு" என்பார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைச் சொல்லும்போது, ஏன் செய்தாய் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

அவருக்கு மைக் செட் தொழில். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். வீட்டின் முன்னறைதான் கடை. ஆம்ப்ளிபயர், வயர்ச் சுருள், சால்டரிங் சாமான் எல்லாம் அங்கேதான் கிடக்கும். மதுரையில் மெல்லிசைக் குழு நடத்திய ஒருவர் குழுவைக் கலைத்தபோது, ரொம்ப வருஷமாகப் பழுதாகிக் கிடந்த ஒரு பெட்டியை, "ரிப்பேர் பாக்கத் தெரிஞ்சவன் நீதான், தூக்கிட்டுப் போய்யா" என்று இவரிடம் கொடுத்துவிட்டார். பழைய காலத்து சிந்தசைசர், கரண்டில் விதவிதமாகச் சத்தம் உண்டாக்கும் வாத்தியம். இரண்டு பக்கமும் மரப்பலகை, முன்னால் ஆர்மோனியம் மாதிரிக் கட்டைகள், அதற்கு மேலே ரேடியோவில் இருப்பது போன்ற கறுப்புக் குமிழ்கள். எண்ணினேன், நாற்பத்தொன்று இருந்தன.

அது வந்த பிறகு பாப்பா ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். அதற்குமேல் அம்மாவோடு ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கப் போனேன். கல்யாணம் வரைக்கும் அந்த ஜீப்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அதனால் முன்னறையில் அண்ணனும் தங்கச்சியும் பேசுவது எனக்குப் புரியக் கூடாத பேச்சு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஆளே இல்லாத இடத்தில் பேசுவது போலப் பேசினார்கள். நான் அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

நான் கேட்டு விளங்கிக்கொண்டது இதுதான். அந்தப் பெட்டிக்குள் ஆசிலேட்டர் என்று இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிற்காமல் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருக்கும். முதல் ஆசிலேட்டரின் சத்தம் நமக்குக் கேட்கும். இரண்டாவதின் சத்தத்தை வெளியே விடாமல், அதைக்கொண்டு முதலாவதின் சுருதியைப் பிடித்து ஆட்டிவைக்கலாம். மெதுவாக ஆட்டினால் பாடகர் குரலில் வரும் அசைவு மாதிரி வரும். இன்னும் கொஞ்சம் ஓங்கி ஆட்டினால் ஆம்புலன்ஸ். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் அது ஆட்டமாகவே தெரியாது. காதால் எண்ண முடியாது. அப்போது உள்ளேயிருந்து முன்பு இல்லாத புதுச் சத்தம் ஒன்று எழுந்து வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று கணக்காகப் பொருந்தி நின்றால் நாதஸ்வரம் மாதிரி நிறைவாக இருக்கும். பொருந்தாமல் கொஞ்சம் விலகி நின்றால் வெண்கலம் மாதிரி ஒலிக்கும். இதற்கு எஃப்.எம். என்று பெயர். ரேடியோவில் எஃப்.எம். என்கிறார்களே, அதுவும் இதே சங்கதிதான் என்று பாப்பா ஒருநாள் சொன்னாள்.

அண்ணனிடம்தான் சொன்னாள். என்னிடம் இல்லை.

வெண்கலம் என்று வந்ததும் அவர்களுக்கு மணிச் சத்தம் செய்ய ஆசை வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பாப்பா நேராகச் சாமி அலமாரிக்குப் போனாள்.

"மதினி, மணிய எடுத்துக்கிறவா?"

"எதுக்குத்தா?"

"அடிச்சுப் பாக்கத்தான். அண்ணன் கேக்குறாக."

"அவுகளுக்கு வேணும்னா அவுக வந்து கேக்கட்டும்."

"அட, மணிதான மதினி. சாமியவா தூக்கிட்டுப் போறேன்?"

அது என் அம்மா சீர்வரிசையில் வைத்துக் கொடுத்த கைமணி. தினமும் விளக்கேற்றி அதை அடித்தால்தான் எனக்குக் காபி இறங்கும். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பென்சிலால் தட்டித் தட்டிக் கேட்டாள். ஒவ்வொரு தட்டும் என் மண்டையில் விழுந்தது. அன்றைக்குப் பூராவும் மணி முன்னறையிலேயே கிடந்தது. சாயங்காலம் நானே போய் எடுத்து, புளி போட்டுக் கழுவி, திரும்ப அலமாரியில் வைத்தேன். இரண்டு பேரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையும் தலையும் முட்டும்படி குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட என் தலைக்கும் அவர் தலைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி.

மூன்று மாதம் அப்படியே போயிற்று. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அந்தச் சத்தம் வந்தது.

நான் சட்டியில் தாளித்துக்கொண்டிருந்தேன். கரண்டி அப்படியே நின்றது. அடித்தவுடன் வெண்கலம். பிறகு அந்த வெண்கலம் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து கீழே இறங்கி, கடைசியில் வாயை மூடிக்கொண்டு யாரோ 'ம்' என்று முனகுவது போல ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தது. மணியில் ஆரம்பித்து ஆளில் முடிந்தது. கடுகு கருகிப் போனது. முன்னறையில் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாராசமாக இருந்திருந்தால் நானும் போய்ச் சேர்ந்து சிரித்திருப்பேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் பஜனை. பதினைந்து வருஷமாக நான்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன், மற்றவர்கள் பின்னால் பாடுவார்கள். வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "என்னக்கா, இன்னைக்கு சுருதி கீழ எடுக்குறீக?" என்றாள். அப்போதுதான் தெரிந்தது. நான் அந்தப் பெட்டியின் 'ம்'மிலிருந்து பாட்டை எடுத்திருந்தேன். அம்மன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், தொண்டைக்குள் அவர்களுடைய சத்தம் குடியிருக்கிறது. தாயே, இதென்ன கூத்து என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பாப்பாவிடம் படித்தவர் ஒருவர் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறார். இப்படி ஒரு பழைய பெட்டி உயிரோடு இருக்கிறது, இப்படி ஒரு சத்தம் அதில் வருகிறது என்று அவர் மூலமாக விஷயம் போய், சினிமாப் பாட்டுக்குச் சத்தம் சேர்க்கும் ஒருவர் நேரிலேயே வந்து பதிந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வருகிற நாள் விஜயதசமி, பகல் பதினொரு மணி. என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. குழாய் கட்டுகிறவனின் சத்தத்தை எவன் கேட்டிருக்கிறான்? ஊரில் எந்தக் கச்சேரியானாலும் பாடுகிறவனுக்குத்தான் மாலை, மைக் செட்காரனுக்கு "சவுண்டக் கொறைப்பா" என்ற அதட்டல்தான். முதல்முறையாக ஒருவர் இவருடைய சத்தத்துக்காகவே ரயில் ஏறி வருகிறார். விரல்விட்டு நாள் எண்ணினார். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அன்று அவருக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. திராட்சை மண்டி, ஜீப் ஸ்டாண்ட், லாரி ஷெட் என்று ஊர் முழுக்கக் குழாய் கட்ட வேண்டும். விடியக் கிளம்பும்போது, "இந்தா, சாமான் எல்லாத்தையும் தொடச்சுப் பொட்டு வச்சுரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பா அவள் வீட்டுப் பூஜையைப் பார்க்க ஆண்டிபட்டியில் இருந்தாள். அன்றைக்கு முன்னறை முழுக்க எனக்கு மட்டும்தான்.

ஆம்ப்ளிபயர், மீட்டர், திருப்புளி, குழாய் எல்லாவற்றையும் ஈரத்துணியைப் பிழிந்து துடைத்துப் பொட்டு வைத்தேன். கடைசியில் பெட்டிக்கு வந்தேன். குமிழ்களைச் சுற்றிலும் பென்சிலால் கோடு கோடாகக் கிறுக்கியிருந்தது. சாமிக்கு வைக்கும் பொருளில் கிறுக்கல் ஆகாது. அழுத்தித் துடைத்தேன், போய்விட்டது. குமிழ்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படியே பொட்டு வைத்தால் கோணல்மாணலாக இருக்கும். எல்லாவற்றையும் திருப்பி, வெள்ளைக் கோடு நேர் மேலே பார்க்கும்படி நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. அழகாகத்தான் இருந்தது.

இதுவரை செய்தது அறியாமல் செய்தது. சத்தியமாகச் சொல்கிறேன். மெல்லிசைக் குழுக்காரர்கள் வைத்திருக்கும் கீபோர்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு பட்டனை அமுக்கினால் வீணை, இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல். இதிலும் சத்தம் உள்ளே எங்கேயோ பத்திரமாகப் பதிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். இந்தப் பழைய பெட்டிக்கு ஞாபகம் என்பதே கிடையாது, குமிழ்கள் எப்படி நிற்கின்றனவோ அதுதான் சத்தம், நகர்த்தினால் போனது போனதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் டேப்பும் இருந்தது. பதினோரு குமிழ்களுக்குப் பக்கத்தில் காகித டேப்பை மெல்லிசாக வெட்டி ஒட்டி, ஓர் அம்புக்குறி போட்டு, பொடி எழுத்தில் குறிப்பு எழுதியிருந்தாள் பாப்பா. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என் கையெழுத்தைப் பார்த்து, வெளியூரில் படிக்கும் என் மகனே சிரித்திருக்கிறான். என் புருஷன் தொழில் செய்யும் பொருளின் மேல், என் வீட்டில், இன்னொருத்தியின் கையெழுத்து பதினோரு இடத்தில். அந்த டேப்பின் மேல் துணியை ஓட்டிப் பார்த்தேன், வரவில்லை. நகத்தைக் கொடுத்து உரித்தேன். ஒவ்வொன்றாக, பதினொன்றையும். உருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். அப்போது மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது பாருங்கள், அந்தக் குளிர்ச்சிதான் பாவம்.

பிறகு செவ்வந்தி மாலையை எடுத்து, குமிழ்கள் எல்லாம் மூடும்படி பெட்டியின் குறுக்கே போட்டேன். சாயங்காலம் அவர் களைத்து வந்தார். சூடம் காட்டினார், பூசணிக்காய் உடைத்தார். "பரவால்லையே, கல்யாணப் பொண்ணு மாதிரியில்ல வச்சிருக்க" என்றார். அந்த வார்த்தைக்காக எவ்வளவோ நாள் காத்திருந்தேன். பெட்டியைத்தான் சொன்னார் என்றாலும் வாங்கிக்கொண்டேன்.

பூஜையில் வைத்த பொருளை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் மறுபூஜை செய்து எடுத்தால்தான் உண்டு. அதனால் அன்று யாரும் பெட்டியைப் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே பாப்பா வந்துவிட்டாள். மறுபூஜை முடித்து, பெட்டியைப் போட்டுச் சூடேற விட்டார் அவர். தோசைக்கல் மாதிரி அதற்கும் அரை மணி நேரம் சூடேற வேண்டும், இல்லாவிட்டால் சுருதி நிற்காது. பிறகு மாலையைத் தூக்கினார்.

"இந்தா."

போனேன்.

"இத யாரு திருப்புனா?"

"பொட்டு வைக்கத்தான், நேரா இருக்கட்டும்னு..."

"நேராவா?" என்றாள் பாப்பா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "மதினி, பஸ் டிரைவரு ஸ்டியரிங்குக்கும் இப்படித்தான் நேரா வச்சு பொட்டு வைப்பீகளா? வளைவுல வண்டி எங்கன போகும்?"

"டேப்பு எங்க?" என்றார் அவர்.

"தொடைக்கையில வந்துருச்சுங்க."

பாப்பா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சந்தனம் ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே, "மூணு மாசம்" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் நான் எதை அழித்தேன் என்று தெரிந்தது. தாயே, இது திரும்பி வந்தால் மூன்று வெள்ளிக்கிழமை மாவிளக்கு எடுக்கிறேன் என்று நின்ற இடத்திலேயே வேண்டிக்கொண்டேன்.

பாப்பாவின் போனில் இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக் குமிழ்களைத் திருப்பினார்கள். சத்தம் வந்தது, ஆனால் ஈயச் சட்டியைத் தட்டியது மாதிரி. போட்டோவில் மயிரிழை தப்பினாலும் பெட்டியில் ஒரு காத தூரம் தப்பும் போலிருக்கிறது. போனிலேயே பதிந்துவைத்த சத்தமும் இருந்தது. அதைப் போட்டுக் காட்டினாள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மேலே இருக்கும் தகரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அடியில் போய் உட்காரும் 'ம்' அதில் ஏறவே இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு, அதற்கு ஈடாக வைத்தார்கள்.

"இதான் அண்ணே. இதான்."

"இதானா பாப்பா? எனக்கென்னவோ..."

காபித் தம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்த நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"அது இல்ல."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"இதுல 'ம்' இல்ல. மணி அடிச்சுட்டு அப்படியே அந்தரத்துல நிக்குது. அது இறங்கி வந்து உக்காரும்ல, அந்த இடம் இல்ல."

"ஒனக்கெப்படித் தெரியும்?" என்றார் அவர்.

"நான் என்ன செவிடா? மூணு மாசம் இந்த வீட்டுலதான இருந்தேன்."

அந்தச் சமயம் பார்த்து, சென்னையிலிருந்து வருகிறவரிடமிருந்து போன். தேனியைத் தாண்டிவிட்டாராம். பாப்பா ஒரு குமிழைக் கூட்டினாள், சத்தத்தில் வெண்கலம் ஏறியது, ஆனால் சுருதியும் சேர்ந்து ஏறியது. சுருதியைக் கீழே இறக்கினாள். திரும்ப அந்தக் குமிழைக் கூட்டினாள், திரும்ப ஏறியது. நாய் தன் வாலைத் துரத்துகிற கதைதான்.

"ஏன்த்தா அது ஏறுது?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பெட்டியைப் பற்றி அவளிடம் ஒன்றைக் கேட்டேன்.

அவளும் அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குச் சொன்னாள். "இந்தப் பெட்டிக்கு அது ஒரு கிறுக்கு மதினி. ரெண்டாவது ஆசிலேட்டர் மேல தள்ளுனா ரெண்டு மடங்கு, கீழ இழுத்தா பாதி. நூறு இருக்குன்னு வைங்க. மேல போனா எரநூறு. கீழ வந்தா அம்பது. மேல நூறு ஏறுது, கீழ அம்பதுதான் எறங்குது. அப்ப நடு எங்க நிக்கும்?"

கணக்குப் போட்டேன். "நூத்துக்கு மேல."

"அதான். எவ்வளவுக்கெவ்வளவு ஆட்டுறமோ அவ்வளவுக்கவ்வளவு சுருதி மேல ஏறிக்கிரும். இந்த நாபுதான் எவ்வளவு ஆட்டணும்கிற நாபு."

எனக்கு ஜீப் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்ன, சனிக்கிழமைதோறும் அடுப்படியில் நின்று அதை வைத்துத்தான் இவ்வளவையும் விளங்கிக்கொண்டிருந்தேன். எஸ்டேட் ஜீப்பில் பதினைந்து பேர் நெருக்கிக்கொண்டு போவோம். யாராவது பாட்டை இழுப்பாள். பாதையில் குழி வந்தால் குரல் குலுங்கும். பாடுகிறவள் ஒருத்தி, குலுக்குகிறது ஒன்று. வண்டி மெதுவாகப் போனால் குழிகளைத் தனித்தனியாக எண்ணலாம். வேகம் பிடித்தால் எண்ண முடியாது, குரலே கரகரவென்று வேறு குரலாகிவிடும். குழி பெரிதாக இருந்தால், தூக்கிப்போடுகிற வேகத்தில் பாட்டுக்காரி கீச்சென்று மேலே போய்விடுவாள். அப்போதெல்லாம் பாட்டின் சரியான சுருதி எது என்று தெரிய வேண்டுமானால், செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

இதைத்தான் சொன்னேன். "ஜீப்ப நிறுத்துங்க மொதல்ல" என்றேன். "ஆட்டுறத சுத்தமாக் கொறைச்சுட்டு, அது கடைசியா எங்கன போயி உக்காருமோ அந்த 'ம்'ம மட்டும் வைங்க. அதுக்கப்புறம் குலுக்குங்க."

பாப்பா வாயைப் பிளந்தாள். "அண்ணே, அது சரிதானண்ணே! ஆட்டம் வடிஞ்சு வடிஞ்சு கடைசியில ஒண்ணுமில்லாமப் போறப்ப மிஞ்சுறது மொத ஆசிலேட்டரோட சொந்த சுருதிதான. நாம ஆட்டத்தோடயே சுருதி சேக்கப் பாத்தோம்."

"சரி, அந்த 'ம்' எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மன் சன்னதியில் உட்கார்ந்த மாதிரி நினைத்துக்கொண்டு பாடினேன். வாயைத் திறக்காமல், வெறும் 'ம்'. தொண்டையில் அது அப்படியே கிடந்தது. திருட்டுச் சாமானை எடுத்துக் கொடுப்பது மாதிரி எடுத்துக் கொடுத்தேன். அவர் குமிழைத் திருப்பித் திருப்பி, பெட்டியின் சத்தம் என் குரலுக்குள் போய் மறையும் இடத்தில் நிறுத்தினார். இரண்டாவது ஆசிலேட்டரை எவ்வளவு விலக்க வேண்டும் என்பது பாப்பாவுக்கு மனப்பாடம், அதை அவள் வைத்தாள். கடைசியாக அந்த ஆட்டும் குமிழ். அவர் கை அதில், கண் என் முகத்தில்.

"இன்னும்."

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம். இன்னும். ம்... தாண்டிட்டீக. ஒரு எள்ளு பின்னால வாங்க."

கட்டையை அமுக்கினார். வெண்கலம் விழுந்தது, வழிந்தது, இறங்கியது, 'ம்' என்று போய் உட்கார்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

வருகிறவர் பதினொன்றரைக்கு வந்தார். கறுப்புச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தது எனக்குப் பிடித்திருந்தது. பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். இரண்டாம் முறை கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். வேறு வேறு கட்டைகளில் அடிக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பதிந்தார். முடிந்ததும், "இது யாரோட வேலைங்க?" என்று கேட்டார்.

"நானும் எங்க பாப்பாவும்" என்றார் என் வீட்டுக்காரர். "மூணு மாசம் ஒக்காந்து செஞ்சோம்."

நான் டீத் தட்டோடு அங்கேயேதான் நின்றேன். காலையில்தான் அந்த 'ம்'மைக் கொடுத்தேன். தம்ளர்கள் தட்டில் கிணுகிணுத்தன.

"அண்ணன் சொல்றது பாதிதாங்க" என்றாள் பாப்பா. "எங்க மதினி காது இல்லைன்னா, நீங்க இன்னைக்கு டீயக் குடிச்சுட்டு வெறுங்கையோடதான் பஸ் ஏறியிருக்கணும்."

வந்தவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் தட்டைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். என் புருஷன் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. அதையும் அவளிடமிருந்துதான் நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

கொஞ்ச நேரத்தில் பாப்பா காலித் தம்ளர்களோடு பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அந்த டேப்பு துணிக்கு வராது மதினி. நகத்துக்குத்தான் வரும்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணன்ட்ட சொல்லப்போறியா?"

"சொல்லணும்னா காலையிலயே சொல்லியிருப்பேன்." தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "நானும் என் நாத்தனா புக்குல ஒருநா பக்கத்தக் கிழிச்சிருக்கேன். சமையல் புக்கு. எங்க வீட்டுல எல்லாரும் அவ வைக்கிற கொழம்பத்தான் நக்குவாக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் அவள் போன பிறகு நினைத்துப் பார்த்தேன். படித்தவளாக இருந்தாள், அதைப் பொறுத்தேன். 'பாப்பா'வாக இருந்தாள், அதையும் பொறுத்தேன். இப்போது நல்லவளாகவும் இருந்துவிட்டாள். இதை எப்படிப் பொறுப்பது? மூன்று வெள்ளிக்கிழமையும் மாவிளக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் அறியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாமல், பாதியை அறிந்தே செய்தேன், மன்னித்துக்கொள் தாயே என்று சொன்னேன். பொறாமையை எடுத்துவிடு என்று கேட்கத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. மனசில் இல்லாததைக் கேட்டால் அம்மனுக்குத் தெரியாதா?

அடுத்த சனிக்கிழமை பாப்பா புது டேப் கொண்டுவந்தாள். ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் திரும்ப ஒட்டி, அம்புக்குறி போட்டு எழுதினாள். இந்த முறை நான் முன்னறையில் கூடவே உட்கார்ந்திருந்தேன். பத்து ஒட்டியாயிற்று. பதினோராவதாக, ஆட்டுகிற குமிழுக்கு வந்தாள்.

"அதுக்கு வேணாம்த்தா" என்றேன்.

"ஏன் மதினி?"

"வெயிலுக்கும் குளிருக்கும் சுருதி மாறும்னு நீதான சொன்ன? மாறுற நாபுக்கு எதுக்கு டேப்பு? போடுறப்பல்லாம் கூப்புடுங்க, வந்து சொல்றேன்."

வெயிலுக்கு மாறுவது சுருதிக் குமிழ்தான், இது அவ்வளவாக மாறாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைப் பார்த்தாள், கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். "சரியான ஆளு மதினி நீங்க" என்று சிரித்துக்கொண்டே அதைத் தன் வளையலில் ஒட்டிக்கொண்டாள்.

இப்போது சனிக்கிழமைகளில் பெட்டி சூடேறியதும் முன்னறையிலிருந்து குரல் வரும். "இந்தா, வந்து சொல்லிட்டுப் போ." இன்னும் 'இந்தா'தான். நான் உடனே போவதில்லை. அடுப்பைச் சிம்மில் வைத்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் போவேன். அவர் கை குமிழில் இருக்கும், கண் என் முகத்தில் இருக்கும். பாப்பா பக்கத்தில் காத்துக்கொண்டிருப்பாள். "இன்னும்" என்பேன். "இன்னும். போதும்."

உண்மையில் அதற்கு என் காதுகூடத் தேவையில்லை. அன்று ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தில் ஒரு துளி, அந்தக் குமிழின் பக்கவாட்டில் இருக்கும் வரிப்பள்ளத்துக்குள் வழிந்து காய்ந்து போயிருக்கிறது. குமிழைத் திருப்பும்போது அந்தத் துளி பெட்டியின் மேல் வரிசையில் இரண்டாவது ஆணிக்கு நேராக வந்தால் சரியான இடம். முன்னறையைக் கூட்டித் துடைப்பது நான்தான். அந்தத் துளியின் மேல் மட்டும் துணி படாமல் பார்த்துக்கொள்கிறேன்.